ரென்ட் தி ரன்வே

ரென்ட் தி ரன்வே, பெயர்பெற்ற வடிவமைப்பாளர்களின் பெண்கள் ஆடைகளை வாடகைக்கு விடும் அமெரிக்க நிறுவனம். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்த ஜெனிபர் ஹைமன், ஜெனிபர் ஃபிளைஸ் இருவரும் 2009இல் இதைத் தொடங்கினர். விருந்து, திருமணம் போன்ற விசேஷங்களுக்கு 4 அல்லது 8 நாள்களுக்கு ஒரு கவுனை வாடகைக்குத் தருவதே முதலில் தொழில். அளவு பொருந்தாமல் போகலாம் என்பதால் அதே ஆடையில் இன்னோர் அளவும் கூடவே அனுப்பப்பட்டது.

2016இல், எத்தனை முறையும் ஆடைகளை மாற்றிக்கொள்ளும் வரம்பற்ற மாதச் சந்தா வந்தது. அலுவலக உடைகளும் வாடகைக்கு வந்தன. பார்வைக்கு இது துணிக்கடை. உள்ளே பெரிய சலவைக்கூடம் என்பதே பொருந்தும். நியூஜெர்சியின் சிக்காக்கஸ் கிடங்குக்குத் திரும்பும் ஒவ்வோர் உடையும் கறை நீக்கி, சலவை செய்து, அறுந்த பொத்தானைத் தைத்து, மறுபடி பொதியப்படுகிறது. வரம்பற்ற திட்டத்தில் சந்தாதாரர் அடிக்கடி உடை மாற்றினால் இச்செலவும் தபால் செலவும் ஏறின. சந்தாத் தொகை ஏறவில்லை. அத்திட்டத்தின் அடிப்படைப் பலவீனம் இதுதான்.

2019இல் கிடங்குக் கோளாறால் புதியவர்களைச் சேர்ப்பது சிலகாலம் நிறுத்தப்பட்டது. கொரோனாக் காலத்தில், 2020இல், நேரடிக் கடைகள் மூடப்பட்டன. வரம்பற்ற திட்டமும் கைவிடப்பட்டது. 2021 அக்டோபரில் பங்கு ஒன்று 21 டாலருக்கு நாஸ்டாக்கில் வெளியானது. விலை சரிந்ததால் 2024இல் 20 பங்குகள் ஒன்றாக இணைக்கப்பட்டன.