மெழுகிய சுவரும் மெழுகிய தரையும்: சீகிரியா பற்றிய ஒரு குறிப்பு

சீகிரியாக் குன்றத்தைக் கண்டு மீளும் மாணவரிடம் அங்குக் கண்டது யாதென வினவின், சித்திரப் பெண்களைச் சொல்வர். சிங்கத்தின் பாதங்களைச் சொல்வர். தந்தையைக் கொன்று அரசெய்திய காசியப்பனின் கதையையும் சொல்வர். அக்குன்றின்மேல் ஒரு வீடு இருந்தது என்பதை நினைவு கூர்வார் மிகச் சிலரே. அரண்மனையும் வீடேயன்றோ? வீடாயின் அதற்குச் சுவருண்டு, தரையுண்டு. மாரிக்காலத்து ஒழுக்கும் கோடைக்காலத்துப் புழுதியும் உண்டு. அவற்றைத் துடைத்தும் பூசியும் பேணிய கைகளும் உண்டு. அக்கைகளின் தொழில் எத்தகையது, அதற்கும் நம் வீட்டுத் திண்ணைக்கும் உள்ள உறவு யாது என்பதே ஈண்டு ஆராயப்படும்.

காசியப்பன் கி.பி. 477 முதல் 495 வரை ஆண்டான் என்பது பெரும்பாலார் கொள்ளும் கணக்கு. தாதுசேன மன்னனின் மகனாகிய அவன் அநுராதபுரத்தை விடுத்து, இன்றைய மாத்தளை மாவட்டத்தின் வடபகுதியில், சுற்றியுள்ள நிலத்தினின்று ஏறத்தாழ 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் இப்பாறையைத் தன் இருப்பிடமாக்கினான். இந்தியாவினின்று படையொடு மீண்ட தம்பி முகலனை எதிர்த்துக் களத்தில் மாண்டான் எனச் சூளவம்சம் கூறும். அப்பதினெட்டு ஆண்டிற்குள் உச்சியில் மாளிகையும், இடையில் சிங்கவாயிலும், அடியில் நீர்ப் பூங்காவும் எழுந்தன. தந்தைக் கொலையைப் பற்றி எழுதினோர் பலர். நமக்கு இங்கு வேண்டுவது சுண்ணாம்பு.

பாறையின் மேற்குப் பக்கத்தில், உச்சிக்கு ஏறும் வழியின் வெளிப்புறமாக, செங்கல்லாற் கட்டப்பெற்ற ஒரு நெடுஞ்சுவர் நிற்கின்றது. கண்ணாடிச் சுவர் என்பது அதன் வழக்குப் பெயர். அதன் உட்புறத்துப் பூச்சு, அவ்வழியே நடப்போர் தம் உருவத்தைக் காணத்தக்க பளபளப்புடையதாய் இருந்தது என்பர். பதினைந்து நூற்றாண்டு வெயிலும் மழையும் பட்ட பின்னும் அப்பூச்சின் வழவழப்பு முற்றும் அழியவில்லை. மென்மையாய் அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் தேனும் சேர்த்துப் பூசித் தேன்மெழுகு கொண்டு தேய்த்தனர் என்பது வழிவழி வரும் செய்தி.

இவ்வித்தையில் மாயம் ஏதுமில்லை, பொறுமையே உண்டு. சுண்ணக்கல்லைச் சூளையிற் சுட்டால் அதனுள் அடங்கிய காபனீரொட்சைட்டு நீங்கும். எஞ்சுவதில் நீர் விட்டால் அது கொதித்து நீறும். நீறியதைக் குழைத்துப் பூசினால், நீங்கிய அவ்வாயுவையே காற்றினின்று சிறிது சிறிதாக மீளப் பெற்று மறுபடியும் கல்லாகும். ஆகவே சுண்ணாம்புப் பூச்சு என்பது கல்லைப் பொடியாக்கி, வேண்டிய வடிவில் மீண்டும் கல்லாக்கும் தொழில். மாத்தளைப் பகுதியில் தொலமைற்றுப் பாறை மிகுதி. அதனைச் சுட்டுச் சுண்ணாம்பெடுக்கும் தொழிலும் அங்கு நெடுங்காலமாக நடந்துவருகின்றது. யாழ்ப்பாணத்தார்க்கு நிலமே சுண்ணக்கல். கடற்கரையிற் சிப்பியும் உண்டு. கடைசிப் பூச்சு முழுதும் உலருமுன் வழுவழுப்பான கூழாங்கல்லால் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, நுண்துகள்கள் நெருங்கிப் படிந்து ஒளிவிடும். தமிழ்நாட்டில் இத்தொழில் அண்மைக் காலம்வரை செழித்தோங்கியது. சிப்பிச் சுண்ணாம்பிலே தயிரும் முட்டை வெண்கருவும் கலந்து, மாக்கற்பொடி தூவித் தேய்த்த சென்னைப் பூச்சினைச் சலவைக்கல் என்றே மயங்கினர் அங்கு வந்த ஐரோப்பியர். செட்டிநாட்டு வீடுகளின் சுவரை இன்று தொட்டுப் பார்ப்பவரும் அம்மயக்கத்துக்குத் தப்பார்.

இவ்விடத்து நம் மொழியின் ஒரு சொல்லை நோக்குவது தகும். தேனடையினின்று எடுப்பதை மெழுகு என்கிறோம். சாணகங் கொண்டு தரையைப் பூசுவதையும் மெழுகுதல் என்கிறோம். அரசனின் சுவரைத் தேய்த்ததும் மெழுகு. குடியானவள் தன் வீட்டுக்குச் செய்ததும் மெழுகல். ஒலியொற்றுமை ஒன்றையே கொண்டு வரலாறு எழுதுவது ஆபத்து என்பதை அறிவோம். ஆயினும் சீகிரியாச் சுவரின் உட்பகுதி இச்சொல்லுறவுக்குச் சான்று பகர்வதை எவ்வாறு மறுப்பது?

சித்திரங்கள் தீட்டப்பெற்ற பரப்பின் கட்டமைப்பை இரசாயன முறையால் ஆராய்ந்தோருள் ராஜா டி சில்வா முதன்மையானவர். தொல்பொருள் ஆணையாளராகவும் விளங்கிய அவ்வறிஞரின் ஆராய்ச்சியால் அப்பூச்சு பல அடுக்குகளை உடையது என்பது தெளிவாயிற்று. மேலே காண்பது வெண்சுண்ணப் பூச்சு. அதனை நீக்கிப் பார்த்தால், பாறையோடு ஒட்டிக் கிடப்பது களிமண். அக்களிமண்ணிலே நெல்லுமியும் தாவர நாரும் பிசையப்பட்டுள்ளன. வெடிப்பு வாராமல் மண்ணை இறுக்கிப் பிடிப்பதற்கு உமியும் நாரும் இடுவது, இன்றும் மண்வீடு கட்டுவோர் அறிந்த முறை. ஏறத்தாழ அதே காலத்து அசந்தாக் குகைகளிலும் மண்ணும் உமியும் நாரும் கலந்த அடிப்பூச்சே காணப்படுகின்றது. பொன்னிறமும் செந்நிறமும் பசுமையும் காட்டி நிற்கும் அப்பெண்கள் சாய்ந்திருப்பது எதன்மேல்? ஒரு குடிசைச் சுவரின்மேல்! அரசன் அதற்குச் சுண்ணாம்புப் போர்வை இட்டான், அவ்வளவே வேறுபாடு.

சுவரின் கதை இவ்வாறாக, தரையின் கதைக்கு வருவோம். மண்தரை இடும் முறையை முதியோர் நன்கறிவர். நிலத்தை நனைத்துத் திமிசுக் கட்டையால் இறுக அடிப்பர். மேலிடுவதற்குப் புற்றுமண்ணைத் தேடுவர். கறையான் பொறுக்கியெடுத்து உமிழ்நீரால் ஒட்டிய அம்மண்ணில் பருக்கைக் கல் இராது, பிடிமானம் மிகுதி. சிங்களக் கிராமத்தாரும் சுவருக்கும் தரைக்கும் புற்றுமண்ணையே நாடினர். அது காய்ந்தபின் மெழுகல் தொடங்கும். புல் மேய்ந்த பசுவின் புதுச்சாணகத்தை எடுத்துத் துரும்பு பொறுக்கி, நீர்விட்டுக் கூழ்ப்பதமாகக் கரைப்பர். சிலர் வைக்கோற்கரியை அரைத்துச் சேர்ப்பர். தரை கருமையேறி மினுங்கும். உள்மூலையில் தொடங்கி, வாயிலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே, வலக்கையை அரைவட்டமாக வீசி மெழுகுதல் வேண்டும். முன்னே சென்றால் மெழுகியதை மிதிக்க நேரும். ஒரு வீச்சின் விளிம்பு மற்றதன்மேற் சிறிது ஏறி நிற்கும். நன்கு மெழுகிய தரையில் அவ்வரைவட்டங்கள் மீன்செதில்போல் வரிசையாய்த் தோன்றும். அதனை அலங்காரம் என்று யாரும் பெயரிட்டதில்லை. ஆயினும் மெழுகியவளின் கைத்திறம் அங்கு எழுதப்பட்டிருக்கும். சுற்றிலும் ஒரு செங்காவிக் கரை இட்டால் அறை நிறைந்துவிடும்.

சாணகத்துக்குக் கிருமியை அழிக்கும் பெருவல்லமை உண்டென்று பலர் முழங்குவர். அது மிகை. புண்ணிலே பட்டால் அதனால் ஏற்பு நோயும் வரக்கூடும் என்பதை மருத்துவர் அறிவர். அதன் மெய்ப்பயன் வேறு. செரித்த புல்லின் நுண்ணார்கள் வலைபோற் பின்னி மண்துகளைப் பிடித்துக்கொள்கின்றன. புழுதி எழுவதில்லை, சிறு வெடிப்புகள் அடைபடுகின்றன, பெருக்கும்போது ஈர்க்குவிளக்குமாறு தரையைச் சுரண்டுவதில்லை. இவ்வளவே போதாதா? நெருப்பெரித்த சாம்பலை ஈரம் ஊறிய இடத்தில் தூவி உறிஞ்சவிட்டுப் பெருக்குவதும், நொச்சியும் வேம்பும் புகைத்துப் பூச்சியை ஓட்டுவதும், பின்வந்த சீமெந்துத் தரையைத் தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்து மினுக்குவதும் அதே அறிவின் கிளைகள். கூழாங்கல் கொண்டு சுவரைத் தேய்த்தவனும் பொச்சுமட்டை கொண்டு தரையைத் தேய்த்தவளும் ஒரே பள்ளியின் மாணவர்.

இனி, பருவம். வீட்டைப் பருவத்துக்கேற்ப மாற்றி அமைத்தல் புதுநாகரிகம் என்று எண்ணுவோர் நெடுநல்வாடையைப் பார்க்க. நக்கீரர் அங்கே கூதிர்காலத்து நகரையும் அரண்மனையையும் காட்டுகின்றார். கோடைக்கு உதவிய விசிறி தொடுவாரின்றித் தொங்குகின்றது. தென்றல் வரும் பலகணி அடைபட்டுள்ளது. சந்தனம் அரைக்கும் கல் வாளாகிடக்க, அகிற்புகை எழுகின்றது. அவ்வரண்மனையின் சுவரும் செம்பினாற் செய்ததுபோல் இறுகி ஒளிர்வது. அதன்மேல் பூங்கொடி ஓவியம் ஓடுகின்றது. கண்ணாடிச் சுவருக்குச் சில நூற்றாண்டுக்கு முன்னரே தமிழ்ப் புலவன் மினுங்கும் சுவரைக் கண்டிருக்கின்றான் என்பதை வரலாற்று மாணவர் குறித்துக்கொள்க.

சீகிரியாவிலோ பருவமே அலங்காரம் செய்தது. அப்பகுதி வறண்ட வலயம். ஐப்பசியிலிருந்து தைவரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றே அதற்குப் பெருமழை தருவது. மேற்குப் பூங்காவின் நீரூற்றுகள் துளையிட்ட சுண்ணக்கற் பலகைகளால் மூடப்பெற்றவை. நிலத்தடியிற் செல்லும் வாய்க்கால் வழியே வரும் நீர், தன் மட்டத்து அழுத்தத்தாலேயே அத்துளைகளில் மேலெழும். பொறியில்லை, சக்கரமில்லை. இன்றும் மாரியில் அவை உயிர்பெற்றுப் பாய்கின்றன; கோடையில் ஓய்கின்றன. நீர் சூழ்ந்த சிறுதீவுகளிற் கோடைக்கென அமைத்த குளிர்மாளிகைகளின் அடித்தளங்களும் அங்குள்ளன. மாரிக்கு ஊற்றும் கோடைக்குத் தீவுமாக ஒரே பூங்கா இரு வேடம் புனைந்தது.

நம் வீடுகளின் ஆண்டுச் சுற்றும் அம்மழையையே சார்ந்தது. மாரி முழுதும் சுவரடி கரையும், சுண்ணாம்பு பாசி பிடிக்கும், தரை பொருமும். மழை ஓயும் வேளையிலே தைப்பொங்கல் வருகின்றது. அதற்குமுன் வெள்ளையடித்தலும் மெழுகலும் வழிபாட்டின் பகுதி என்று கொள்கிறோம். அவை மழைச்சேதம் பழுதுபார்த்தலும் ஆகும். சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்கள வீடுகளும் தமிழ் வீடுகளும் ஒருங்கே துப்புரவாகின்றன. அது அறுவடை முடிந்த காலம். பழுதுபார்த்தலைத் திருநாளாக்கியது நம் முன்னோரின் நுண்ணறிவு. திருவதிகைக் கோயிலிலே திலகவதியார் அலகிட்டு மெழுகிய தொண்டைச் சேக்கிழார் பெரியபுராணத்துட் பதித்ததும் ஈண்டு நினைத்தற்குரியது. தரை மெழுகிய கையை நம் இலக்கியம் மறந்துவிடவில்லை.

காசியப்பனுக்குப் பின் சீகிரியா பிக்குகளின் உறைவிடமாகி, பல நூற்றாண்டு அவ்வாறே நிலவிப் பின்னர்க் காடாயிற்று. பூசிப் பேணுவார் இல்லாத பூச்சு விழுந்தது. ஒரு காலத்தில் பாறையின் மேற்கு முகமே ஒரு பெருஞ்சித்திரக் கூடமாய் இருந்தது என 1907இல் எழுதினார் ஜோன் ஸ்டில். இன்று பாறைக் குடைவில் மழை தொடாத பகுதியில் இருபதை ஒட்டிய உருவங்களே தெளிவுற எஞ்சின. வாழ்ந்தவரால் அன்றி, வந்துபோனவரால் கண்ணாடிச் சுவர் வேறொரு வாழ்வு பெற்றது. அதன் வழவழப்பு எழுத்தாணிக்கு ஓலைபோல் வாய்த்தது. எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையில் வந்தோர் பலர் அங்கே பாட்டுக் கீறிச் சென்றனர். அவருட் பெண்டிரும் உளர். அவற்றுள் 685 பாடல்களைக் கலாநிதி செனரத் பரணவிதான படித்தறிந்து 1956இல் நூலாக்கினார். சிங்கள இலக்கியத்தின் பழம்பெரும் செல்வமாக அவை போற்றப்படுகின்றன. இன்று ஒருவர் அங்கே தம் பெயரைக் கீறின் அது குற்றம், முறையும் அதுவே. எனினும் பூச்சு அத்துணை நேர்த்தியாய் இராவிடின் அப்பாட்டுகளும் இரா.

1967இல் யாரோ சித்திரங்களின்மேல் வண்ணநெய்யை ஊற்றிச் சிலவற்றைச் சிதைத்தனர். இத்தாலியினின்று லூசியானோ மறான்சி வந்து, நம் நாட்டு வல்லுநரோடு சேர்ந்து, அவ்வண்ணத்தைக் கரைத்தெடுத்துப் பரப்பை மீட்டார். ஓவியத்தின்மேற் படிந்த அழுக்கை ஓவியம் அறியாமல் எடுப்பதும் ஒரு மெழுகல் தொழிலே. 1982இல் யுனெஸ்கோ அவ்விடத்தை உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்றது.

ஆக, அரசன் சுவரில் எத்தனை அடுக்கு, எவ்வடுக்கில் உமி, எவ்வடுக்கில் மணல் என்பனவெல்லாம் ஏட்டில் ஏறிவிட்டன. நம் தரைக்குப் புற்றுமண் எத்தனை பங்கு, சாணகம் எத்தனை பங்கு, மாரிக்கு எவ்வளவு கரி, கோடைக்கு எவ்வளவு நீர் என்பன பாட்டியரின் விரல்களில் மாத்திரமே இருந்தன. சீமெந்தும் ஓட்டுக்கல்லும் வந்தபின் அவ்விரல்களுக்கு வேலை குறைந்தது. அளவைக் கேட்டு எழுதியவரும் அரியர். வீடெல்லாம் மினுங்குதரை பதித்த குடும்பத்திலும், பொங்கலன்று விடியுமுன் முற்றத்தில் ஒரு சதுரம் மட்டும் சாணகத்தால் மெழுகப்படுகின்றது. அதன்மேல் மாக்கோலம், கோலத்தின் நடுவே மூன்று கல் அடுப்பு. மெழுகத் தெரிந்த முதியவள் ஒருத்தியை அதற்கென அயல்வீட்டிலிருந்து அழைத்து வருவாரும் உளர்.