ஜீவாவின் முகம்: சுஜாதாவின் அறிவியல் தொடர்கதை சின்னத்திரைக்குப் போன வழி

தன் கதைகளைத் திரைக்காரர்கள் கையாண்ட விதம் குறித்துச் சுஜாதாவுக்கு மனக்குறை இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை. 'காயத்ரி' (1977), 'ப்ரியா' (1978), 'கரையெல்லாம் செண்பகப்பூ' (1981) என்று வரிசையாக வந்த படங்களைப் பற்றி இன்று எழுதுவோரும் அந்த மனக்குறையையே தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்தில் இருந்த கூர்மை திரையில் மழுங்கிவிட்டது, அதற்கு நட்சத்திர மோகமும் வணிகக் கணக்கும் காரணம் என்பது இந்த வாசிப்பின் சாரம். 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்ததைப் பற்றிப் பேசும்போதும் இதே அளவுகோல்தான். கூடுதலாக ஒரு குறை மட்டும் சேர்கிறது: அறிவியல் கதைக்கு வேண்டிய பணமும் தொழில்நுட்பமும் அன்று இல்லை.

படைப்பாளியின் வருத்தம் மதிக்கத்தக்கது. ஆனால் அதை ஆய்வு முடிவாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. சுஜாதா சினிமாவைப் பற்றிச் சொன்னதைத் தொலைக்காட்சிக்கு அப்படியே நீட்டியதில்தான் பிழை தொடங்குகிறது.

முதலில் 'ப்ரியா'வை எடுத்துக்கொள்வோம். நாவலில் கதை நடப்பது லண்டனில். படத்தில் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும். வக்கீல் கணேஷாக ரஜினிகாந்த், ப்ரியாவாக ஸ்ரீதேவி, பாட்டுகளுக்கு ஸ்டீரியோ ஒலிப்பதிவு. இந்த இடமாற்றத்தைச் சிக்கனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். இயக்குநர் எஸ்.பி. முத்துராமன் காரைக்குடிக்காரர். திரைக்கதை எழுதிய பஞ்சு அருணாசலம் கண்ணதாசனின் அண்ணன் மகன், அதே சீமைக்காரர். கடல் கடந்து கொண்டு விற்கப் போன தலைமுறைகளின் ஊர் இது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் வட்டித்தொழில் நடந்த கிட்டங்கிகளும் மலாயாத் தோட்டக் கணக்குகளும் இங்கே வீட்டுப் பேச்சு. லண்டன் இவர்களுக்கும் இவர்களுடைய பார்வையாளர்களுக்கும் படித்துத் தெரிந்த ஊர். சிங்கப்பூர், போய் வந்தவர்கள் சொல்லித் தெரிந்த ஊர். இடத்தை மாற்றியவர்கள் இதை மனத்தில் வைத்துத்தான் மாற்றினார்கள் என்பதற்கு என்னிடம் ஆவணம் எதுவும் இல்லை. படப்பிடிப்பு வசதியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் வாசகன் கற்பனை செய்துகொண்ட அந்நியத்தைப் பார்வையாளனுக்கு உறவுள்ள அந்நியமாக மாற்றியதைச் சீரழிவு என்று சொல்ல மாட்டேன். அது தழுவல்.

இந்தக் கைவழக்கம் அவர்களோடு தொடங்கியதும் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தை ஒட்டி ஏ.வி. மெய்யப்பன் காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு எடுத்த 'நாம் இருவர்' (1947), ப. நீலகண்டனின் 'தியாக உள்ளம்' நாடகத்தின் தழுவல். மேடையில் ஓடியதைத் திரைக்குக் கொண்டுபோவது இந்த மண்ணின் சினிமாவுக்குத் தொடக்கத்திலிருந்தே பழகிய வேலை.

அப்படியானால் சுஜாதாவின் மனக்குறைக்கு உண்மையான காரணம் என்ன? இழப்பு நேர்ந்த இடம் காலம் என்பது என் வாதம். தொடர்கதை வாரத்துக்கு வாரம் மூச்சுவிடும் வடிவம். வாசகன் ஏழு நாள் காத்திருக்கிறான். அந்த ஏழு நாளில் கதையைத் தனக்குள் தானே எழுதிப் பார்க்கிறான். இரண்டரை மணி நேரப் படத்தில் அந்தக் காத்திருப்புக்கு இடமே இல்லை. செட்டிநாட்டு வீடுகளில், வார இதழ்களிலிருந்து கிழித்துத் தைத்து பைண்டு செய்த தொடர்கதைத் தொகுதிகள் இன்னும் கிடைக்கின்றன. அப்படி ஒன்றைப் புத்தகப் பதிப்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடுபட்டது எது என்று தெரியும். வாரமுடிவின் 'தொடரும்', அடுத்த வாரத் தலைப்பில் வரும் முன்கதைச் சுருக்கம், படங்கள், பக்கத்தின் பின்புறத்து விளம்பரங்கள் ஆகிய எல்லாம் புத்தகத்தில் உதிர்ந்துவிடுகின்றன. அத்தியாயங்கள் இருக்கும், வாரம் இருக்காது. சினிமா இழந்ததாகச் சொல்லப்படுவதில் பாதியைப் புத்தகமே முன்னதாக இழந்துவிட்டது.

வாரத்தைத் திருப்பிக் கொடுத்தது தொலைக்காட்சி. 1984இல் 'ஹம் லோக்' என்ற இந்தித் தொடர் வந்த பின் தூர்தர்ஷனில் விளம்பரதாரர் தொடர்களுக்குப் பெரும்பாலும் 13 வார ஒதுக்கீடு வழக்கமானது. பத்திரிகைத் தொடர்கதை தன் பழைய தாளத்தோடு நுழையக்கூடிய வாசல் அது. சிவசங்கரியின் 'ஒரு மனிதனின் கதை' ரகுவரன் நடிப்பில் அந்த வழியாகத்தான் வீடுகளுக்குள் வந்தது. அதே கதையை ஏவி.எம். நிறுவனம் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் 'தியாகு' (1990) என்ற படமாகவும் எடுத்தது. மக்கள் நினைவில் நின்றது தொடர்தான் என்பதற்குப் புள்ளிவிவரம் தேவையில்லை. அந்தத் தலைமுறையில் யாரையும் கேட்கலாம்.

இனி 'என் இனிய இயந்திரா'. 1980களின் நடுவில் ஆனந்த விகடனில் வந்து, 'மீண்டும் ஜீனோ' என்று நீண்ட கதை. தொலைக்காட்சிக்கு வந்த ஆண்டை, 1990களின் தொடக்கம் என்பதற்கு மேல் நெருக்கிச் சொல்ல நான் தயாராக இல்லை. பார்த்தவர்களின் நினைவு ஆளுக்கு ஓர் ஆண்டைச் சொல்கிறது. நினைவை வைத்துக் காலவரிசை கட்டுவது சரியல்ல.

கதையில் சர்வாதிகாரி ஜீவாவை நாடே வணங்குகிறது. பிள்ளை பெறவும் அரசின் அனுமதி வேண்டும். பெயர்கள் எல்லாம் குறுகிப்போயிருக்கின்றன. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவியும் அவனுடைய இயந்திர நாய் ஜீனோவும் அவள் வீட்டுக்குக் குடிவருகிறார்கள். கடைசியில் ஜீவா என்று ஒரு மனிதனே இல்லை என்று தெரிகிறது. அவர் வெறும் ஹோலோகிராம் பிம்பம். ஆட்டுவிப்பவர்கள் பின்னால் இருக்கிறார்கள். 'மீண்டும் ஜீனோ'வில் அந்த இடத்தில் நிலாவை உட்கார வைக்கிறார்கள். முகம் மாறுகிறது, ஏற்பாடு மாறவில்லை.

பணம் போதாது என்ற வாதம் கவனிக்கத் தவறுவது இதைத்தான். இந்த நாவலின் மையத்தில் ராக்கெட்டோ வேற்றுக்கிரகமோ இல்லை. பிம்பத்தைக் காட்டி ஆளும் அரசு இருக்கிறது. தத்துவம் பேசும் ஒரு நாய் இருக்கிறது. பேச்சுக்குச் செலவில்லை. பிம்பத்துக்கோ தொலைக்காட்சியைவிடப் பொருத்தமான இடமில்லை. அன்று பெரும்பாலான வீடுகளில் அரசின் தொலைக்காட்சி ஒன்றே. தமிழில் தனியார் அலைவரிசையாகச் சன் டிவி வந்ததே 1993 ஏப்ரலில்தான். ஆட்சியிலிருப்பவரின் முகத்தையே ஓயாமல் காட்டியதால் 1980களில் தூர்தர்ஷனை 'ராஜீவ் தர்ஷன்' என்று கேலி செய்தார்கள். அதே பெட்டி, திரையில் மட்டுமே உயிர்வாழும் ஆட்சியாளனின் கதையையும் ஒளிபரப்பியது. அதிகாரிகள் இதைக் கவனித்தார்களா, விளையாட்டு என்று விட்டுவிட்டார்களா என்பது வேறு கேள்வி. பார்வையாளன் நிலாவின் வீட்டுத் திரையில் ஜீவாவைப் பார்த்தது தன் வீட்டுத் திரையின் வழியாக. அச்சில் இந்த அடுக்கு கிடையாது. அந்த ஓர் இடத்தில் தொடர் மூலத்தைவிட ஒரு படி கூடுதலாகவே பேசியது என்பேன்.

உலக உதாரணம் ஒன்று இதை இன்னும் தெளிவாக்கும். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' 1942 முதல் பத்திரிகையில் பகுதி பகுதியாக வந்தது. தலைமுறைகளைத் தாண்டும் கதையாதலால் மனிதர்கள் வந்து வந்து மறைந்துவிடுவார்கள். 2021இல் ஆப்பிள் டிவி அதைத் தொடராக்கியபோது பேரரசரின் நகல்கள் தலைமுறை தோறும் அரியணையேறும் ஏற்பாட்டைப் புதிதாகச் சேர்த்தார்கள். மூலத்தில் அது இல்லை. சின்னத்திரைக்கு ஓயாமல் திரும்பி வரும் ஒரு முகம் வேண்டும். அவர்கள் பெரும் பொருட்செலவில் வெளியிலிருந்து ஒட்டவைத்ததைச் சுஜாதா கதைக்குள்ளேயே வைத்திருந்தார். தற்செயலா? மின்னணுப் பொறியாளராக பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தவர் அவர். பிம்பம் எப்படி உண்டாகிறது என்று தெரிந்தவர் பிம்பத்தைப் பாத்திரமாக்கியதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு தடை எழும். தொலைக்காட்சி இவ்வளவு பொருத்தம் என்றால் சுஜாதா ஏன் கடைசிவரை சினிமாவோடு இருந்தார்? ஏவி.எம்.மின் 'சிவாஜி' (2007) வசனம் அவருடையது. 2008 பிப்ரவரியில் அவர் மறைந்த பின் வந்த 'எந்திரன்' (2010) வசனத்திலும் அவர் பெயர் உண்டு. புகழும் ஊதியமும் பெரிய திரையில் இருந்தன என்பது எளிய பதில். அதுவே போதும் என்று நினைக்கிறேன். 'எந்திரன்' ஜீனோவின் வாரிசு என்று சொல்லிவிடுவது வழக்கம். எனக்கு அது ஐயம். ஜீனோ பேசிப் பேசி நம்மை வென்றது. 'எந்திரன்' படத்து ரோபோ சிட்டியிடம் பேச்சைவிடச் சண்டை அதிகம்.

இந்த ஆய்வு மேலே நகர வேண்டுமானால் தூர்தர்ஷன் தொடரின் காட்சிகள் முழுமையாக வேண்டும். விகடன் வாரங்கள் இடைவெளியின்றி வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வீட்டில் தாள் தாளாகச் சேர்த்தது, அவர் 1992இல் மறைந்த பின் சென்னைக்குப் போய் 1994இல் நூலகமாக நிலைபெற்றதைச் செட்டிநாட்டுப் பக்கத்தார் அறிவார்கள். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வீடுகளின் அறைகளிலும் பரண்களிலும் பைண்டு செய்த தொடர்கதைகளோ, அக்காலத்தில் வீட்டில் பதிந்து வைத்த வீடியோ கேசட்டுகளோ இருந்தால், வீட்டைப் பிரிக்கும்போது பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாமல் ஒரு நூலகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.