எங்கிட்ட இருக்கு, வேணுமா?

வருசநாட்டில் அப்பத்தா வீட்டு அடுப்படிக்குப் பக்கத்து அறையில் ஒரு பழைய லேப்டாப் நான்கு மாதமாக ஓடிக்கொண்டிருக்கிறது. பேட்டரி செத்துப்போன மெஷின். கரண்ட் போனால் அதுவும் போகும், வந்தால் எழுந்துகொள்ளும். அதில் ஒரு நியூஸ் சர்வர் இருக்கிறது. பேரைக் கேட்டதும் அப்பத்தா, “எப்ப செய்தி போடுவாக?” என்று கேட்டார். இந்த நியூஸ் வேறு. யூஸ்நெட் என்று ஒன்று இருந்தது, இன்னும் இருக்கிறது. தமிழர்கள் இணையத்தில் முதன்முதலாகக் கூடிச் சண்டைபோட்ட இடங்களில் அதுவும் ஒன்று. அந்தச் சண்டைகளைத் தேடிப் போய்த்தான் இந்த வேலையில் மாட்டிக்கொண்டேன்.

கதை 1979 கடைசியில் ஆரம்பிக்கிறது. அன்றைக்கு அமெரிக்காவில் அர்ப்பாநெட் என்ற வலைப்பின்னல் இருந்தது. பாதுகாப்புத் துறையோடு ஒப்பந்தம் இருக்கிற பல்கலைக்கழகங்களுக்குத்தான் அதில் இடம். வெளியே நின்றவர்களில் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் ஒரு வழி யோசித்தார்கள். யுனிக்ஸ் மெஷின்களுக்கு ஒன்றையொன்று போனில் கூப்பிட்டு ஃபைல்களை மாற்றிக்கொள்ளத் தெரியும். அப்படியென்றால் ஒரு மெஷினில் எழுதியதை ராத்திரியில் அடுத்த மெஷினுக்குக் கொடுக்கலாம், அது அதற்கடுத்ததற்குக் கொடுக்கும். பக்கத்திலிருந்த வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதினார். நொடிக்கு 300 பிட் மோடம். தலைமை அலுவலகம் கிடையாது, உரிமையாளர் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனைத் தெரிந்தால் போதும்.

1986 பிப்ரவரியில் பிரையன் கான்டரும் ஃபில் லாப்ஸ்லியும் இந்தக் கொடுக்கல் வாங்கலை இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவர்கள் எழுதிய விதிமுறைக்கு என்.என்.டி.பி. என்று பெயர். அதில் எனக்குப் பிடித்த கட்டளை ஐ-ஹேவ். ஒரு சர்வர் இன்னொன்றிடம் ஒரு கட்டுரையின் அடையாள எண்ணைச் சொல்லி, “எங்கிட்ட இருக்கு, வேணுமா?” என்று கேட்கும். 335 என்று பதில் வந்தால் ‘அனுப்பு’. 435 என்றால் ‘வேண்டாம்’. ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் அது எந்தெந்த மெஷின் வழியாக வந்தது என்ற வரிசை இருக்கும். வந்த வழியிலேயே அது திரும்பிப் போகாமல் இருக்க அந்த வரிசைதான் காவல்.

இதைப் படித்தபோது எங்கள் பக்கத்தில் கேதம் சொல்லிப் போவது ஞாபகம் வந்தது. கடமலைக்குண்டில் ஒருத்தர் தவறிவிட்டால், மயிலாடும்பாறையில் சொல்லியாச்சா, வருசநாட்டில் சொல்லியாச்சா என்று விசாரித்து, சொல்லாத வீட்டுக்கு மட்டும் ஆள் போகும். போனில்லாத காலத்தில் செய்தி நடந்துதான் வந்தது. அந்த நடை யார் தலையில் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சேரியிலிருந்துதான் ஆளனுப்பினார்கள். செய்தியைச் சுமந்தவரை வீட்டுக்குள் விடவில்லை. எல்லா மெஷினும் சமம் என்று ஆரம்பித்த ஒரு வலைப்பின்னலோடு இதை ஒப்பிடும்போது அந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு ஒப்பிடக் கூடாது.

இந்தியாவுக்குள் இந்த வழி எர்நெட் மூலமாக வந்தது. 1986இல் மத்திய மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கிய கல்வி வலைப்பின்னல் அது. சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஒரு கண்ணி. 1989இல் பம்பாயின் என்.சி.எஸ்.டி.யிலிருந்து அமெரிக்காவின் யூயூநெட்டுக்கு 9.6 கிலோபிட் கம்பி போடப்பட்டது. நொடிக்கு சுமார் 1,200 எழுத்து. சாதாரண ஜனங்களுக்கு இணையம் கிடைத்தது அதற்கு ஆறு வருசம் கழித்து, 1995 ஆகஸ்ட் 15இல், வி.எஸ்.என்.எல். மூலம். ஆகவே தொண்ணூறுகளின் முதல் பாதியில் யூஸ்நெட்டில் எழுதிய தமிழர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து போன மாணவர்கள், போரில் சிதறிய ஈழத்தமிழர்கள். அவர்கள் கூடிய குழுவின் பெயர் சோக்.கல்ச்சர்.தமிழ்.

அங்கே ஈழப்போர் பேசப்பட்டது. திரைப்பாட்டு, குறள், சாதி, பார்ப்பனர்-பார்ப்பனரல்லாதார் என்று இன்றைக்கு நாம் ஃபேஸ்புக்கில் போடுகிற எல்லாச் சண்டையும் நடந்தது. பாதி ஆங்கிலத்தில், மீதி ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழில். காரணம் எளிது. அந்தக் குழாயில் போகக்கூடியது ஏழு பிட் மட்டுமே, மொத்தம் 128 இடங்கள். எல்லா இடத்திலும் ஏற்கெனவே ஆங்கிலம் உட்கார்ந்திருந்தது. தமிழுக்கு எனத் தனி இடமில்லாததால், சின்ன எல் போட்டால் ‘ல’, பெரிய எல் போட்டால் ‘ள’, இசட் போட்டால் ‘ழ’ என்று ஆளாளுக்கு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஷிஃப்ட் அழுத்த மறந்தால் பள்ளி பல்லியாகிவிடும். அப்படி எழுதியதைத் தமிழ் எழுத்தாக மாற்றிக் காட்ட பாலா சுவாமிநாதன் ஒரு யுனிக்ஸ் நிரல் எழுதினார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘மதுரை’. சுவிட்சர்லாந்தில் வேதியியலாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்ற எழுத்துருவைச் செய்தார். யாரும் சம்பளத்துக்குச் செய்த வேலை இல்லை.

ஆனால் எழுத்துரு வந்ததும் வேறொரு சிக்கல் வந்தது. நான் மயிலையில் எழுதியதை மயிலை இல்லாதவர் திறந்தால் ஆங்கிலக் குப்பை தெரியும். ஒரு மொழிக்குள்ளேயே பல தீவுகள். தகுதரம் என்ற குறியாக்கம், 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டி வந்த தாம், தாப் எல்லாமே இந்தத் தீவுகளுக்குப் பாலம் போடும் முயற்சிகள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இதே ஆட்கள், இதே உழைப்பின் தொடர்ச்சி. இன்று நாம் போனில் திறக்கிற பல பழந்தமிழ் நூல்களை உட்கார்ந்து தட்டச்சியது இந்தத் தலைமுறைதான்.

இதையெல்லாம் படித்துக் கொண்டிருந்தவனுக்கு, அந்த மெஷின் எப்படி ஓடும் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. 1992இல் ரிச் சால்ஸ் வெளியிட்ட ஐ.என்.என். என்ற சர்வர் மென்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. டெபியனில் ஒரு வரியில் இறங்கிவிடும். இறங்கிய பிறகுதான் பாடு. மெஷினுக்கு முழு முகவரி இல்லையென்றால் அது எழவே எழாது. வெறும் பெயர் போதாது, ஊர்ப்பெயரும் வேண்டும் என்கிறது. அதைச் சரிசெய்தபின் நான் செய்த தப்பு, சில கட்டளைகளை ரூட்டாக ஓட்டியது. ஃபைல்களெல்லாம் ரூட்டின் சொத்தாகிவிட்டன. ‘நியூஸ்’ என்ற பயனருக்குத் தன் வீட்டிலேயே எழுத உரிமையில்லாமல் போனது. ஒரு ராத்திரி அதற்கே சரியாகிப்போனது.

தனியாக நியூஸ் சர்வர் வைத்திருப்பது ஒற்றையாளாகச் சீட்டாடுவது மாதிரி. தேனியில் இருக்கிற ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டேன். அவர் மெஷினிலும் ஐ.என்.என்., இரண்டுக்கும் நடுவே ஒரு வி.பி.என். இங்கே ஒரு விசயம். நான் யாருக்குக் கொடுப்பேன் என்பதை ஒரு ஃபைலிலும், யாரிடம் வாங்குவேன் என்பதை இன்னொரு ஃபைலிலும் எழுத வேண்டும். அவரும் அப்படியே எழுத வேண்டும். இரண்டு பேரும் ஒப்புக்கொள்ளாமல் ஒரு எழுத்தும் நகராது. படிப்பதற்கு அவர் தண்டர்பேர்டு வைத்துக்கொண்டார். சர்வர் பெயர், போர்ட் 119, அவ்வளவுதான். நான் கறுப்புத் திரையில் ஓடும் எஸ்.எல்.ஆர்.என். வைத்தேன். அதில் ‘கொ’வின் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம். 2006இல் வந்த புதிய விதிமுறை யூ.டி.எஃப்-8ஐ இயல்பாக ஏற்றுக்கொண்டதால் குழாயில் தமிழ் சிந்தாமல் போகிறது. ‘வருசநாடு’ 24 பைட். திரைக்குத்தான் இன்னும் சேர்த்து எழுதத் தெரியவில்லை. குழுவின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில்தான் வைத்தேன். அங்கே பழைய பழக்கம் மாறவில்லை.

அந்தக் குழுவில் அப்பத்தா சொன்னதை எழுத ஆரம்பித்தேன். இலவங்காய் உடைக்கிற காலத்துச் சொற்கள். காய் பறிக்கிற கம்புக்கு ஒரு பேர், பஞ்சு பிரித்த பிறகு மிஞ்சுகிற கோதுக்கு ஒரு பேர், கண்ணில் பஞ்சு விழுந்தால் வருகிற உறுத்தலுக்கு ஒரு பேர். பதினைந்துக்கு மேல் இருக்கும். நேராக சர்வரில் அடித்தேன், தனியாக நகல் வைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் காணோம். நியூஸ் சர்வர் பழையதை அழிக்கும், அதற்கு ஒரு ஃபைல் உண்டு. அதில் இருந்த வரியை நான் மாற்றவில்லை, பத்து நாள் என்று இருந்தது. டிஸ்க் விலை அதிகமாக இருந்த காலத்துப் பழக்கம். அப்பத்தாவிடம் மறுபடி கேட்டேன். “அன்னைக்கே சொன்னேன்ல, எழுதிக்கிட்டேல்ல?” என்றார். எழுதிவிட்டால் இருக்கும் என்று நம்புகிற ஆள். என்ன பதில் சொல்ல?

தேனிக்கு போன் போட்டேன். நண்பர் அழிக்கும் நாளை நீட்டி வைத்திருந்ததால் அவரிடம் இருந்தது. “அனுப்புங்க” என்றேன். அவர் மெஷின் கேட்டது, என் மெஷின் 435 சொன்னது. கட்டுரையை அழித்த பிறகும் அதன் அடையாள எண்ணைக் கொஞ்சநாள் ஞாபகம் வைத்திருக்கும், ஒரே கட்டுரை மறுபடி மறுபடி வராமலிருக்க. அந்த நாளும் கழிந்தபின் கேட்டால், ‘ரொம்பப் பழசு’ என்று தள்ளியது. அதற்கும் ஒரு வரம்பு, அதுவும் பத்து நாள். பார்த்த ஞாபகம் இருக்கு, என்னன்னு தெரியல, பழசு எனக்கு வேண்டாம். மெஷின் சொன்னது இதுதான். கடைசியில் அந்த வரம்பை எடுத்துவிட்டு வாங்கினேன்.

சோக்.கல்ச்சர்.தமிழ் பற்றிய நம் நிலையும் இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது. இருந்தது என்று தெரியும். என்ன இருந்தது என்று கேட்டால் நம்மிடம் இல்லை. யூஸ்நெட்டின் முதல் பத்தாண்டில் பிழைத்ததில் பெரும்பகுதி, டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் ஹென்றி ஸ்பென்சர் எடுத்துவைத்த 141 காந்த நாடாக்களால் பிழைத்தது. 1995இல் டெஜா நியூஸ் என்ற நிறுவனம் சேகரிக்கத் தொடங்கியது. 2001இல் அதைக் கூகுள் வாங்கியது, அந்த நாடாக்களில் இருந்ததையும் சேர்த்துக்கொண்டது. யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே 2010 மே 20இல் தன் சர்வரை நிறுத்தியது. 2024 பிப்ரவரி 22இலிருந்து கூகுள் குழுமங்கள் புதிய யூஸ்நெட் பதிவுகளை வாங்குவதில்லை. பழையதை இன்னும் தேடிப் படிக்கலாம், அவர்கள் விடுகிறவரை.

பல நூறு மெஷின்களில் ஒரே நேரத்தில் இருந்த தமிழ்ப் பேச்சு, கடைசியில் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் அலமாரிக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் ஒரு எழுத்தைக்கூட நம் நூலகங்கள் எடுத்து வைக்க வேண்டும் என்று யாரும் போராடியதாகத் தெரியவில்லை. சங்கப் பாட்டைத் தட்டச்சியவர்களை மதிக்கிறோம். அவர்கள் தட்டச்சுவதற்கு முன், பெரிய எல்லா சின்ன எல்லா என்று திணறிக்கொண்டு ஒருவரையொருவர் திட்டிய பேச்சை வரலாறாக நினைக்கவில்லை. இன்று நாம் எழுதுகிற இணையத் தமிழின் பேச்சுத் தொனி அங்கேதான் பழகியது.

எல்லாவற்றையும் மீட்க என் லேப்டாப்பால் முடியாது. இலவங்காய்ச் சொற்கள் இருக்கிற குழுவுக்கு மட்டும் அழிக்கும் ஃபைலில் ‘நெவர்’ என்று போட்டிருக்கிறேன். அதை நம்பி உட்காரவும் முடியாது. டிஸ்க் போனால் ‘நெவர்’ என்ன செய்யும்? என்றைக்கும் அழிக்காத ஒரு வீட்டைவிட, வெவ்வேறு கணக்கில் அழிக்கிற இரண்டு வீடு மேல். கம்பத்தில் ஒருவரிடம் மூன்றாவது மெஷினுக்குக் கேட்டிருக்கிறேன்.

நேற்று ராத்திரி தேனிக்குப் போன கணக்கைப் பார்த்தேன். ஒன்பது கட்டுரைகளை நீட்டியதில் எட்டை வாங்கியிருக்கிறது. ஒன்றுக்கு 435. ஏற்கெனவே அங்கே இருக்கிறதாம்.