பொருளியல் ஆசானைத் தேடிய தொழிலாளர்

உயர்தர வகுப்பிலே பொருளியலைப் பாடமாக எடுத்துக்கொள்ளும் மாணவன் எமது நாட்டில் முதலிற் கேட்கும் கேள்வி, எந்த நூலைப் படிப்பது என்பதன்று. யாரிடம் ரியூசனுக்குப் போவது என்பதே. 1945ஆம் ஆண்டில் கன்னங்கரா அவர்களின் முயற்சியினால் பாலர் வகுப்புத் தொடக்கம் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. ஆயினும் பல்கலைக்கழகத்தின் வாசலை எட்டிப் பிடிப்பதற்குரிய அந்த இறுதி ஆண்டுகளை மாலைநேரக் கொட்டகைகளிற் காசு கொடுத்து வாங்குவது இன்று வழமையாகிவிட்டது. பெயர்பெற்ற ஆசிரியரின் வகுப்பென்றால் நூற்றுக்கணக்கானோர் வாங்குகளில் நெருங்கியிருந்து, ஒலிபெருக்கியில் வரும் குறிப்பை எழுதிக்கொள்வர். கேள்வி வளையியும் நிரம்பல் வளையியும் வெட்டும் புள்ளியைப் பிழையறக் குறிக்கத் தெரிந்த பிள்ளைக்கு, தன் தாய் வாங்கும் அரிசியின் விலை ஏன் ஏறியது என்று எழுந்து கேட்க அங்கே இடமில்லை.

இதற்காக ரியூசன் ஆசிரியர்களை வைதுகொண்டிருப்பது எமது நோக்கமன்று. அவர்களுட் பலர் திறமான ஆசிரியர்கள். பட்டம் பெற்றும் வேலை கிடையாமையால் அத்தொழிலுக்குத் தள்ளப்பட்டவர்களும் உளர். நாம் கேட்பது வேறு. பொருளியல் கற்க விரும்பும் ஒருவன் ஆசான் ஒருவனைத் தேடும்போது, உண்மையில் எதனைத் தேடுகிறான்? கைத்தொழிற் புரட்சி முதன்முதல் நிகழ்ந்த பிரித்தானியாவில், உயர்தரப் பள்ளியின் படியை மிதித்தறியாத நெசவாளரும் மட்பாண்டத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் இத்தேடலில் ஈடுபட்டிருந்தனர். பணம் யாருடையது, ஆசானைத் தெரிவது யார், அவனை எதிர்த்துக் கேள்வி கேட்கலாமா என்ற மூன்று வழக்குகளும் அவர்களின் வரலாறு நெடுகிலும் திரும்பத் திரும்ப எழுகின்றன.

1823ஆம் ஆண்டில் லண்டன் மாநகரிலே கைவினைத் தொழிலாளருக்கென ஒரு கல்விக் கழகம் தோன்றிற்று. அதனை முதலில் முன்மொழிந்தவர்கள் தோமஸ் ஹொட்ஸ்கின், ஜே. சி. றொபேட்சன் என்னும் இரு பத்திரிகையாளர். தொழிலாளரின் கல்வி தொழிலாளரின் பணத்தினாலேயே நடைபெற வேண்டும், நிருவாகமும் அவர்கள் கையிலேயே இருக்கவேண்டும் என்பது அவர்களது கொள்கை. ஆனால் மண்டபம் கட்டப் பணம் வேண்டுமே! மருத்துவர் ஜோர்ஜ் பேக்பெக், பிரான்சிஸ் பிளேஸ் முதலியோர் செல்வரிடம் நன்கொடை திரட்டினர். நன்கொடை வந்தது, நன்கொடையாளரின் விருப்பு வெறுப்புக்களும் உடன்வந்தன. இரசாயனமும் இயந்திரவியலும் கற்பிப்பதில் ஒருவருக்கும் தடையில்லை. அரசியற் பொருளாதாரத்தை யார் கற்பிப்பது என்ற கேள்வி எழுந்தபோதுதான் முகங்கள் மாறின.

ஹொட்ஸ்கின் முன்னாட் கடற்படை அதிகாரி. மாலுமிகள் மீது செலுத்தப்பட்ட கொடிய ஒழுங்குமுறையைக் கண்டித்து நூல் எழுதியவர். செல்வத்தைப் படைப்பது உழைப்பே, மூலதனம் தனக்கெனக் கோரும் பங்கிற்கு நியாயமில்லை என்று 1825இல் அவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். இத்தகைய ஒருவர் தொழிலாளர் முன்னே நின்று பொருளியல் பேசுவதைப் பிளேஸ் விரும்பவில்லை. இருந்தும் ஹொட்ஸ்கின் பேசினார். அவ்விரிவுரைகள் 1827இல் நூலாகவும் வந்தன. நாற்பது ஆண்டுகளின் பின்னர் ‘மூலதனம்’ என்னும் பெருநூலை வெளியிட்ட கார்ல் மார்க்ஸ், அதிலே ஹொட்ஸ்கினை மறவாது சுட்டினார். லண்டன் கழகத்தின் பெரும் நன்கொடையாளருள் எத்தனை பேரை உலகம் இன்று நினைக்கிறது?

பின்னர் பல்கலைக்கழகங்களே ஊருக்கு இறங்கி வந்தன. கேம்பிரிட்ஜ் 1873இல் வெளிவாரி விரிவுரைகளைத் தொடங்கிற்று. முயற்சி நல்லதே, ஆயினும் விரிவுரைத் தொடரின் செலவை உள்ளூரார் பொறுக்கவேண்டியிருந்தமையால், மண்டபங்களை நிரப்பியவர்கள் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினரே. இதற்கு விலக்காக நோதம்பலாந்துச் சுரங்கத் தொழிலாளர் 1880களிலே தம் கூலியிலிருந்து பணம் சேர்த்து, அரசியற் பொருளாதார விரிவுரைகளைத் தம் கிராமங்களுக்கு வரவழைத்தனர். 1887இல் கூலிக் குறைப்பை எதிர்த்து நீண்ட வேலைநிறுத்தம் மூண்டது. அடுப்பெரியாத வீடுகளால் விரிவுரையாளருக்குப் பணம் கொடுக்க இயலுமா? வகுப்புக்கள் நின்றன. கூலி எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்று கற்றுக்கொண்டிருந்தவர்களின் கல்வியைக் கூலியே முறித்துப் போட்டது.

அல்பேர்ட் மான்ஸ்பிரிட்ஜ் ஒரு தச்சரின் மகன். பதினான்கு வயதிலே பள்ளியை விட்டவர். கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவர். 1903இல் அவரும் அவரது மனைவி பிரான்சிஸ் அம்மையாரும் இருவராகவே ஒரு சங்கத்தை ஆரம்பித்தனர். தொழிலாளர் கல்விச் சங்கம் என்று பிற்காலத்திற் பெயர் பெற்றது அதுவே. அதன் முதல் நிதி, அம்மையார் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்த இரண்டரைச் சிலின். இயக்க வரலாறுகள் மான்ஸ்பிரிட்ஜின் பெயரைப் பெரிய எழுத்திலே பொறிக்கின்றன. அடுக்களைக் காசு கொடுத்தவரை ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றன. இது எமக்குப் பழகிப்போன ஓர் அநீதி.

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒக்ஸ்போர்ட்டிலே ஒரு மாநாடு கூடிற்று. போட்ஸ்மத் துறைமுகத்திலே கப்பல் கட்டும் தொழிலாளியாயிருந்த ஜே. எம். மக்ராவிஷ் அங்கு எழுந்து, ஒக்ஸ்போர்ட்டின் சிறந்தவை யாவும் தம் வர்க்கத்திற்கும் உரியவை என்று உரிமை கோரினார். அவர் பேச்சு இரந்து நிற்பவனின் பேச்சன்று. பல்கலைக்கழகத்தின் சார்பில் எழுவரும் தொழிலாளர் சார்பில் எழுவருமாகப் பதினால்வர் கொண்ட குழு அமைந்தது. அதன் அறிக்கை 1908இல் வெளிவருமுன்னரே இரண்டு ஊர்களில் வகுப்புத் தொடங்கிவிட்டது. ஒன்று மட்பாண்டத் தொழில் நடைபெறும் லோங்டன். மற்றொன்று பஞ்சாலை நகரமான றொச்டேல்.

றொச்டேல் என்ற பெயர் எமது கூட்டுறவாளருக்குப் புதிதன்று. 1844இல் அங்கே கடை திறந்த முன்னோடிகள், இலாபத்திலே நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென ஒதுக்கிவந்தவர்கள். அவர்களது ஊராருக்குப் புத்தகமும் விரிவுரையும் முன்னரே பழக்கம். இப்போது அவர்கள் கேட்டது தங்களோடு இருந்து, தாங்கள் எழுதியதைத் திருத்தி, தங்கள் கேள்விக்கு மறுமொழி சொல்லும் ஓர் ஆசானை. தவறாது சமுகமளிப்போம், கட்டுரைகள் எழுதுவோம் என்று முப்பது பேர் வாக்குக் கொடுத்த பின்னரே ஒக்ஸ்போர்ட்டிடம் ஆள் கேட்டனர்.

வந்தவர் ஆர். எச். டோனி. 1880இல் கல்கத்தாவிலே பிறந்தவர். தந்தையார் அங்கு பிரெசிடென்சிக் கல்லூரி அதிபராயிருந்த வடமொழி அறிஞர். உயர்குடிப் பள்ளியிலும் ஒக்ஸ்போர்ட்டிலும் பயின்ற டோனி, அப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்திலே பொருளியல் உதவி விரிவுரையாளர். 1908 ஜனவரி முதல் வாரந்தோறும் புகைவண்டி ஏறி, வெள்ளி மாலை லோங்டனிலும் சனிக்கிழமை றொச்டேலிலும் பொருளியல் வரலாறு கற்பித்தார்.

அவ்வகுப்புக்களின் ஒழுங்கை எம் ஆசிரியர்கள் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். ஒரு வகுப்பிலே முப்பது பேருக்கு மேல் இல்லை. இரண்டு மணி நேரத்திலே ஒரு மணி ஆசான் பேசுவார். மறு மணி மாணவர் பேசுவர். அந்த இரண்டாவது மணி, நேரம் மிஞ்சினால் உண்டு, இல்லையேல் இல்லை என்ற கணக்கன்று, விதியாகவே எழுதப்பட்டிருந்தது. ஆண்டுக்கு 24 வாரங்களாக மூன்றாண்டுகள் படிப்பு. இரு வாரத்திற்கு ஒரு கட்டுரை. நூல்களைப் பல்கலைக்கழகம் பெட்டிகளில் அனுப்பிற்று. பரீட்சையில்லை, சான்றிதழில்லை. பாடம் எது என்பதில் மாணவரின் விருப்பமும் கேட்கப்பட்டது. சூளையிலும் தறியிலும் பகல் முழுதும் நின்றவர்கள், ஓய்ந்த கையோடு வந்து பதினேழாம் நூற்றாண்டின் வர்த்தகத்தைப் பற்றி எழுதினார்கள். மேலதிக நேர வேலை வந்தால் வகுப்புத் தவறும். வேலை போனால் ஊரே தவறும். வீட்டிலே அமைதியாக இருந்து எழுத ஒரு மூலை கிடைப்பதே அரிது. றொச்டேல் ஆலைகளிலே தறியோட்டிய பெண்கள் பலர். வகுப்பிலோ ஆண்களே மிகப் பெரும்பான்மை. ஆலைச் சங்கு ஊதிய பின்னர் பெண்ணுக்கு இரண்டாவது வேலை வீட்டிலே காத்திருந்தது என்பதை எந்த விதியும் கணக்கிலெடுக்கவில்லை.

கற்பித்தவரும் கற்றார். விலைவாசி, கூலி, வேலையின்மை என்பவை டோனிக்கு நூலிற் படித்த சொற்கள். எதிரே இருந்தவர்களுக்கோ சென்ற கிழமையின் அநுபவம். 1912இல் வெளிவந்த அவரது முதற் பெருநூல், பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்திலே குடியானவரின் நிலங்கள் வேலியடைக்கப்பட்டு ஆட்டு மந்தைகளுக்குப் பறிபோன வரலாற்றை ஆராய்வது. அந்நூலின் முன்னுரையிலே தம்மை வாதத்தில் மடக்கித் திருத்திய நெசவாளர், மட்பாண்டத் தொழிலாளர், சுரங்கத் தொழிலாளர், பொறி வினைஞர் ஆகியோருக்கு நன்றி கூறுகிறார். அடுத்து அவர் ஆராய்ந்தது சங்கிலி செய்யும் தொழிலிலும் தையற் தொழிலிலும் குறைந்தபட்சக் கூலி விதித்ததன் விளைவை. 1914இல் யுத்தம் மூண்டபோது அதிகாரிப் பதவியை மறுத்துச் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார். 1916 ஜூலை 1ஆந் திகதி சொம் போர்க்களத்திலே படுகாயமுற்றார். பின்னர் லண்டன் பொருளியற் கல்லூரியின் பேராசிரியராகி, 1962இல் மறைந்தார்.

இக்கதையை இவ்வளவில் நிறுத்திவிட்டால் அது பாதி உண்மையே ஆகும். டோனி லோங்டனுக்குப் போய்வந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஒக்ஸ்போர்ட் நகரத்திலேயே மற்றொரு கூட்டம் தன் பொருளியல் ஆசானை வேண்டாமென்று ஒதுக்கிற்று. தொழிலாளருக்கென 1899இல் நிறுவப்பட்ட றஸ்கின் கல்லூரியின் மாணவரே அவர்கள். தொழிற்சங்கங்கள் அனுப்பிய அம்மாணவருக்கு அங்கே கிடைத்த பொருளியல், எல்லைப் பயன்பாட்டைக் கொண்டு விலையை விளக்குவது. இலாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டவனுக்கு அது போதவில்லை. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளியான நோவா அப்லெற், வகுப்புக்கு வெளியே சக மாணவரைக் கூட்டி மார்க்சின் பெறுமதிக் கோட்பாட்டைக் கற்பித்தார். ஆசானைத் தேடிக் களைத்தவர்கள் தம்முள் ஒருவனையே ஆசானாக்கிக்கொண்டனர். 1908இன் இறுதியில் ‘பிளெப்ஸ்’ கழகம் பிறந்தது. 1909 மார்ச்சில், மாணவர் பக்கம் நின்ற அதிபர் டெனிஸ் ஹேட் பதவி நீக்கப்பட்டபோது மாணவர் விரிவுரைகளைப் பகிஷ்கரித்தனர். அவ்வாண்டிலேயே மத்திய தொழிற் கல்லூரி என்னும் புதிய நிறுவனம் எழுந்தது. தென்வேல்ஸ் சுரங்கத் தொழிலாளரும் புகைவண்டித் தொழிலாளரும் தம் சங்கப் பணத்தால் அதனைத் தாங்கினர். பிற்காலத்திலே பிரித்தானியாவின் இலவச மருத்துவ சேவையை 1948இல் நிறுவிய அனியூரின் பெவன் அங்கு பயின்றவரே.

இப்பிரிவினர் டோனியின் வகுப்புக்களை ஐயத்தோடு நோக்கினர். அரசாங்கக் கல்விச் சபையும் பல்கலைக்கழகமும் பணம் கொடுக்கும் வகுப்பு, தொழிலாளரின் தலைவர்களைச் சாந்தப்படுத்தவே என்றனர். அவ்வையம் வெறும் பிரமையன்று. வகுப்புக்களை ஆதரித்த பெரியோருள் வர்க்க அமைதியை விரும்பியவர் பலர். ஆயினும் லோங்டனிற் பேசியவர்களின் வாயை ஒருவரும் அடைக்கவில்லை என்பதும் உண்மை. மறுபுறம், சொந்தப் பணத்திலே நடந்த கல்லூரி சொந்தக் கருத்தைக் கற்பித்தது. ஆனால் 1926ஆம் ஆண்டுப் பொது வேலைநிறுத்தத்தின் தோல்விக்குப் பின் சங்கங்களின் பெட்டகம் வற்றியபோது, 1929இல் அக்கல்லூரி மூடப்பட்டது. நோதம்பலாந்தின் கதைதான் மீண்டும். எமது அநுதாபம் அப்லெற் பக்கமே. எனினும், சுருக்கக் குறிப்பிலே அடைத்து மனனம் செய்விக்கப்படும் மார்க்சியமும் ரியூசன் குறிப்பின் உடன்பிறப்பே என்பதைச் சொல்லாது விடுவதற்கில்லை. இரண்டாவது மணி நேரம் அங்கும் வேண்டும்.

லோங்டன் வகுப்பினர் மூன்றாண்டு முடிந்ததும் கலைந்து போகவில்லை. 1911இல் அவர்கள் வட ஸ்ரபோட்ஷயர் சுரங்கத் தொழிலாளர் உயர்கல்வி இயக்கம் என ஒன்றை ஆரம்பித்தனர். சுற்றுப்புறச் சுரங்கக் கிராமங்களுக்கு ஒக்ஸ்போர்ட்டிலிருந்து ஆசான் வரப்போவதில்லை. ஆகவே வேலை முடிந்த மாலைகளிலே தாமே அங்கு சென்று, கூலி வாங்காது கற்பித்தனர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஆசான் வேண்டுமென்று கேட்டவர்கள் இவர்கள். அந்த வட்டாரத்திலேயே 1949இல் கீல் என்னுமிடத்தில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி நிறுவப்பட்டது. அவ்வட்டாரத்து வயதுவந்தோர் கல்வியிலே நெடுங்காலம் ஈடுபட்டிருந்த ஏ. டி. லின்ட்சே அதன் முதல் அதிபரானார்.