உருகியின் காவல்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனக் கடலுக்கும் வயலுக்கும் இடையே நெருங்கி அமைந்த நம்முடைய ஊர்களில், மாலைதோறும் லாம்புக் கண்ணாடியைச் சாம்பலிட்டுத் துடைத்துத் திரியேற்றிய காலம் கழிந்து, ஆளியை அழுத்தியதும் வீடெல்லாம் வெளிச்சம் பரவும் காலம் வந்தபோது, அந்த வெளிச்சத்துடன் கூடவே வீட்டுக்குள் வந்த ஒரு சிறு காவலனை நாம் போதிய அளவு போற்றவில்லை. அதுவே உருகி, பேச்சு வழக்கில் பியூஸ்.

பட்டிப்பளையாற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கும் பெரும் பணி 1949ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. நம் வயல்களுக்கு நீரளித்த அந்த அணையின் அடிவாரத்தில் 11 மெகாவாற் மின்நிலையமும் எழுந்தது. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை ஸ்தாபிக்கப்பட்டது. அக்கால வீடுகளில், வெண்ணிறப் பீங்கான் கட்டையொன்றின் இரு திருகாணிகளுக்கிடையே மயிரிழை போன்ற கம்பியொன்று பூட்டப்பட்டிருக்கும். அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்தால் அது தான் உருகி வீட்டைக் காக்கும். ஆயினும், விளக்கணைந்த அவசரத்தில் ஒரு கம்பிக்கு மூன்றாக முறுக்கிப் பூட்டிவிட்டு, ‘இனிப் போகாது’ என்று திருப்திப்பட்டுக்கொண்ட வழக்கமும் இருந்தது. காவலனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைத்த செயல் அது.

பின்னர், கம்பி எட்டாத கிராமங்களுக்கு உலக வங்கியின் கடனுதவியோடு 12 வோல்ற் சூரியத் தொகுதிகள் சென்றன. 12 வோல்ற் தொட்டால் தாக்காது என்பது மெய். ஆனால் மின்கலத்தின் இரு முனைகளும் நேரே இணைந்துவிட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் பாய்ந்து கம்பியைத் தணலாக்கிவிடும். ஆதலால் மின்கலத்தின் அருகிலேயே உருகி அமைய வேண்டும் என்பது அத்தொகுதிகளைப் பூட்டும் தொழிலின் முதற் பாடமாயிற்று.

2016 செப்டெம்பரில் ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் அரச திட்டம் தொடங்கி, கூரையிற் பிறக்கும் மின்சாரத்தின் அலகொன்றுக்கு முதல் 7 ஆண்டுகள் 22 ரூபாவும், அதன்பின் 15 ரூபா 50 சதமும் என விலை நிர்ணயிக்கப்பட்டபோது, மின்சாரத்தை வாங்கிய வீடே அதனை விற்கும் வீடாயிற்று. அத்துடன் உருகியின் தர்மமும் மாறிற்று.

சபையின் கம்பியில் குறுக்குச்சுற்று நேர்ந்தால் மின்னோட்டம் பன்மடங்கு பெருகி உருகியை உடனே அறுத்துவிடும். சூரியத் தகடோ, 9 அம்பியர் தந்து உழைக்கையில், முனைகளை நேரே இணைத்தாலும் ஏறத்தாழ 10 அம்பியருக்கு மேல் தராது. ஆகையால் தகடுகளைக் கோத்த ஒற்றைத் தொடரில் இட்ட 15 அம்பியர் உருகி அத்தொடரின் பழுதை அறியவே மாட்டாது. மூன்று தொடர்களைப் பக்கம் பக்கமாக இணைக்கும்போதுதான், பழுதுற்ற ஒன்றினுள் மற்ற இரண்டும் 20 அம்பியரைப் பின்னோக்கித் தள்ள, உருகிக்கு உண்மையான வேலை உண்டாகிறது. மேலும், வீட்டின் ஆடலோட்டம் வினாடிக்கு 100 முறை பூச்சியத்தைத் தொட்டு மீள்வதால் உருகி அறும்போது எழும் தீப்பொறி எளிதில் அவிகிறது. பத்துத் தகடுகள் சேர்ந்து தரும் ஏறத்தாழ 400 வோல்ற் நேரோட்டத்துக்கு அத்தகைய ஓய்வே கிடையாது. ஆடலோட்டத்துக்கென்றே செய்த உருகியை அங்கே பூட்டுவது, அன்று மூன்று கம்பி முறுக்கிய அதே தவற்றைக் கூரைமேல் ஏற்றுவதாகும்.

உப்புக்காற்று ஓயாத நம் கரையில், வெறுஞ் செப்புக் கம்பி பச்சை பூத்து, இணைப்பிற் சூடேறும். வெள்ளீயம் பூசிய செப்பும், கச்சான் காலத்து வெயிலையும் மாரி மழையையும் தாங்கும் இரட்டைக் கவசமும் இங்கே ஆடம்பரமல்ல, அவசியம்.

தகட்டின் முதுகில் ஒட்டிய சீட்டில், அது ஏற்கும் உயர்ந்தபட்ச உருகியின் அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. தகட்டைக் கூரைக்கு ஏற்றுமுன் அந்த எண்ணை வாசியுங்கள். பூட்ட வருபவரிடம் அதனைக் காட்டி, அவர் இடும் உருகி அதற்கு மிகாதது என்பதையும், நேரோட்டத்துக்கென ஆக்கப்பட்டது என்பதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.