கைத்தொழிலும் கடதாசியும்: சோனகதெருவிலிருந்து கொக்குவிலுக்கு

இலங்கையில் அரச தொழில்நுட்பக் கல்விக்கு வேர் 1893இல் மருதானையில் திறந்த தொழில்நுட்பக் கல்லூரி. யாழ்ப்பாணத்தில் அதன் வாசல் கொக்குவில். சோனகதெருவிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். என்றாலும் நம்மவர் பலர் தொழில் பழகியது தையற்கடையிலும் இரும்புக்கடையிலும், வாப்பாவிடம், மாமாவிடம்.

1990ஐ நான் இரண்டு காரணங்களுக்காகக் குறிக்கிறேன். தொழிற்கல்வியை ஒழுங்குபடுத்தும் 20ஆம் இலக்கச் சட்டம் அந்த ஆண்டுக்குரியது. அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் யாழ் முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். கடையும் கருவியும் அங்கேயே நின்றுவிட்டன. புத்தளம் போய்ச் சேர்ந்தவர்களிடம் மிஞ்சியது கைப்பழக்கம். வேலை தெரியும்; காட்டக் கடதாசி இல்ல.

பின்னர் வந்த தேசியத் தொழிற்தகைமை முறையில் ஏழு மட்டங்கள் உண்டு: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தால் கற்றவரும் மதிப்பீட்டுக்குத் தோற்றிச் சான்றிதழ் பெறலாம். இந்த வழி நம் முதியவர்களுக்கே பொருத்தமானது.

இளையவர்களின் கதை வேறு. இன்றைய பட்டறையில் லேத்தைக் கணினி நடத்துகிறது. வரைபடம் வாசிக்க வேணும், மைக்ரோமீற்றரில் அளக்க வேணும், நிரல் எழுத வேணும். இது கடையில் நின்று பார்த்து மட்டும் வராது. மீள்குடியேறிய வீட்டுப் பிள்ளைகள் கொக்குவில் வாசலை மிதிக்காவிட்டால், 1990இல் கருவியை இழந்த நாம் இனித் தொழிலையும் இழப்போம்.