மீட்புக் கொக்கி (முன்பக்கம்)

சேற்றிலோ பள்ளத்திலோ சிக்கிய வண்டியை வெளியே இழுப்பதற்காக அதன் சேசிஸில் பூட்டப்படும் எஃகுக் கொக்கி அல்லது வளையம். பழுதான வண்டியைத் தார்ச் சாலையில் கட்டி இழுத்துப் போகும் கொக்கி வேறு. கப்பலில் ஏற்றும்போது வண்டி நகராதபடி கட்டிவைக்கத் தொழிற்சாலையிலேயே பொருத்தி அனுப்பும் வளையம் வேறு. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால் மாறிப்போய் உயிர்ச்சேதமும் நேரலாம்.

மலேசியாவின் பகாங் மாநிலத்தில், கேமரன் மலையின் வடபகுதியில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருக்கிறது கோலா தெர்லா. தெர்லா ஆற்றின் பெயர் ஊருக்கு வந்தது. மலாய் மொழியில் ‘கோலா’ என்றால் ஆற்றுமுகம். இந்த வட்டாரத்தில் பெரிய சாலையை விட்டு இறங்கினால் காய்கறித் தோட்டங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் போகும் மண்பாதைகள்தான். மழை நாளில் முட்டைக்கோசுக் கூடைகளோடு ஏறும் வண்டி பாதி ஏற்றத்தில் நின்றுவிட்டால் பெரிய மீட்பு லோரி அங்கே வர முடியாது. அடுத்த தோட்டத்து வண்டிதான் வந்து இழுக்க வேண்டும். அதனால் இங்கே முன்கொக்கி அலங்காரம் அல்ல, தொழிற்கருவி.

கேமரன் மலை பழைய லேண்ட்ரோவர்களுக்குப் பேர்போனது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அந்த வண்டியின் ‘சீரிஸ்’ வகைகள் பல பத்தாண்டுகளாகத் தோட்டச் சுமை இழுக்கின்றன. அவற்றின் மேற்கூடு அலுமினியக் கலவை, செம்மண் சேற்றுக்கு அசையாது. சேசிஸோ எஃகு, உள்ளிருந்தே துருப்பிடிக்கும். லேண்ட்ரோவர்க்காரர்கள் ‘ஜேட் வளையம்’ என்று சொல்வது, பிரிட்டிஷ் படை வண்டிகளை விமானத்தில் ஏற்றிக் கட்டுவதற்காக உருவானது. முப்படைகளுக்கும் பொதுவான வான்வழிப் போக்குவரத்து நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே ‘ஜேட்’. சேசிஸின் முன்நுனியில் இருபுறமும் பூட்டப்படும் அந்த வளையங்கள் பிற்காலத்தில் மீட்புக்கும் பயன்பட்டன.

கொக்கியின் மேல் எவ்வளவு பாரம் விழும் என்பதைக் குறைத்து மதிப்பிடுவதே முதல் தவறு. சக்கரம் மூழ்கும் அளவு சேற்றில் நிற்கும் வண்டியை அசைக்க, ஏறத்தாழ அதன் எடைக்குச் சமமான இழுவை தேவை என்பது ராணுவ மீட்புப் பணியில் வழங்கும் கணக்கு. இரண்டு டன் பிக்கப், ஒரு டன் காய்கறி, ஆக மூன்று டன். பாதை 30 பாகைச் சரிவாக இருந்தால் சரிவின் பங்காக இன்னும் ஒன்றரை டன். மொத்தம் நாலரை டன். 3.25 டன் முத்திரை குத்திய ‘ஷேக்கில்’ என்னும் இணைப்பு வளையம் இதற்குப் போதாது, 4.75 டன் ஷேக்கில் ஒருவாறு தாங்கும்.

வெடுக்கென்று இழுத்தால் கணக்கே மாறிவிடும். மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் நகரும் இரண்டு டன் வண்டியை நீளாத இரும்புக் கம்பி 10 செ.மீ. தூரத்தில் நிறுத்துமானால், கொக்கியில் விழும் சராசரி விசை சுமார் எட்டு டன். நீண்டு கொடுக்கும் நைலான் பட்டை அதே வேகத்தை ஒன்றரை மீட்டரில் தணித்தால் அரை டன்தான். பட்டைக்குச் செலவழிப்பதைத் தண்டச் செலவு என்று நினைக்கக் கூடாது.

பொருத்துவதில் முதல் விதி, பம்பரில் பூட்டக் கூடாது என்பது. சேசிஸின் இரண்டு நீளச் சட்டங்களிலும் ஒவ்வொன்று, இணையாகப் பூட்ட வேண்டும். ஒரே போல்ட்டில் தொங்கவிட்டால் கொக்கி திரும்பிக்கொள்ளும். குறைந்தது இரண்டு போல்ட் வேண்டும். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும் போல்ட்டே வாங்க வேண்டும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால் வருவது அதன் இழுவலிமை, மெகாபாஸ்கலில். பட்டறையில் அடிக்கடி விட்டுப்போவது ஒன்று உண்டு. சேசிஸ் சட்டம் உள்ளே வெற்றான பெட்டி. துளைபோட்டுப் போல்ட்டை முறுக்கினால் சுவர்கள் உள்வாங்கிக்கொள்ளும், சில மாதத்தில் பிடி தளரும். துளைக்குள் ஒரு எஃகுக் குழாயைச் செருகி, மறுபக்கம் தடித்த தகடு வைத்து முறுக்கினால் பாரம் சுவர் முழுதும் பரவும். அடித்து உருவாக்கிய கொக்கியை வெல்டிங் வைத்து ஒட்டுவது பெரும் பிழை. அந்தச் சூட்டில் எஃகின் உறுதி போய்விடும்.

இரண்டு கொக்கிகளையும் ஒரே வாரால் இணைத்து நடுவில் இழுப்பது நல்லது, வார் நீளமாக இருந்தால். இரு கால்களுக்கும் இடையே 60 பாகை இருந்தால் ஒவ்வொரு கொக்கியும் 58 விழுக்காடு பாரம் தாங்கும். 120 பாகைக்கு விரிந்துவிட்டால் ஒவ்வொன்றின் மேலும் முழுப் பாரமும் விழும்.

டிரெய்லர் மாட்டும் உருண்டையில் பட்டையைக் கட்டவே கூடாது. அதன் கழுத்து முறிந்தால் இழுபட்டிருந்த பட்டை அந்த இரும்புக் குண்டைத் துப்பாக்கி ரவைபோல் வீசும். கண்ணாடியைத் துளைத்து ஆளைக் கொன்ற நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. இழுக்கும்போது பட்டையின் நடுவில் ஈரச் சாக்கோ கனத்த துணியோ போட்டுவைத்தால் அறுந்தாலும் வேகம் குறையும். சுற்றி நிற்பவர்கள், குறிப்பாகப் பிள்ளைகள், பட்டையின் நீளத்துக்கும் அதிகமாக விலகி நிற்க வேண்டும்.

மழைக்காலத்துக்கு முன் சேற்றைக் கழுவிவிட்டுக் கொக்கியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். போல்ட்டைச் சுற்றிப் பெயிண்டில் மயிரிழை விரிசல் ஓடினாலோ துளை நீள்வட்டமாகியிருந்தாலோ இரும்பு நகர்ந்திருக்கிறது என்று பொருள். சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல எஃகு கணீரென்னும், துருவேறியது மொத்தென்னும். மொத்தென்ற இடத்தில் கொக்கி பூட்டாமல், புதுத் தகடு வைத்துச் சேசிஸைச் சரிசெய்த பிறகே பூட்ட வேண்டும். ஒருமுறை பலத்த அதிர்ச்சி வாங்கிய கொக்கியைப் போல்ட்டுகளோடு சேர்த்து மாற்றிவிடுவார்கள்.